ஐந்துக்குப் பூஜ்யம்

என் வேலை நல்ல செய்தி சொல்வது. கெட்ட செய்தி சொல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சம்பளமும் அதிகம். நான் கோயம்புத்தூர் மரபுநோய் மையத்தில் விளக்குநர். "உங்க மரபணுவுல ஓர் எழுத்து மாறியிருக்கு, ஆனா அதனால ஆபத்தில்லை, நிம்மதியா வீட்டுக்குப் போங்க" என்று சொல்லிவிட்டு டிஷ்யூ பெட்டியை மேஜை ஓரத்துக்குத் தள்ளி வைப்பேன். சந்தோஷத்திலும் ஜனங்களுக்கு அழுகை வரும்.

நாச்சிமுத்து அழவில்லை. நான் பார்த்தவரையில், நல்ல செய்தியைக் கேட்டு முகம் சுண்டிப்போன ஒரே மனிதர் அவர்தான்.

சோமனூர் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவர். சட்டை மடிப்பில் பஞ்சுத் துகள் ஒட்டியிருந்தது. ஒரு பக்கம் மனைவி கலாமணி, இன்னொரு பக்கம் மகள் நிவிதா. ஏழாம் வகுப்பு. ஆலைகளில் பாய்லர் பக்கம் நிற்கிறவர்கள் போடும் பெரிய காதுமூடி ஒன்றை அந்தப் பெண் மாட்டியிருந்தாள். ஒரு காதை மட்டும் லேசாகத் தூக்கிவிட்டு நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அஞ்சும் ஒண்ணாத்தான் சொல்லியிருக்கு. ஐந்துக்குப் பூஜ்யம். இதுக்கு மேல நல்ல தீர்ப்பே கிடையாதுங்க" என்றேன்.

"யாருங்க அந்த அஞ்சு பேரு?" என்றார் நாச்சிமுத்து. அவர் கேட்ட சத்தத்தில் பக்கத்து அறை ஆள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். நாகரிகம் தெரியாத மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன். இதை மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

"ஆளுங்க இல்ல. கம்ப்யூட்டர் ப்ரோகிராம். அஞ்சு கம்பெனி செஞ்சது. தனித்தனியாக் கணக்குப் போட்டு ஓட்டுப் போடும். நாங்க பஞ்சாயத்துன்னு சொல்லுவோம்."

"பஞ்சாயத்துன்னா எங்கூர்லயும் ஒண்ணாத்தானுங்க சொல்லுவாங்க" என்றார் அவர். கிண்டலாகத் தெரியவில்லை.

வழக்கமாக ஒப்பிக்கும் பாடத்தை ஆரம்பித்தேன். "இதயத்துல ஒவ்வொரு செல்லும் ஒரு சின்ன வீடுன்னு வெச்சுக்குங்க. அதோட சுவர் வெறும் எண்ணெய்ப் படலம். அந்தச் சுவர்ல ஒரு கதவு இருக்கு. ஒரு துடிப்பு முடிஞ்சதும் அது வழியா உப்புச்சத்து வெளிய போகணும். போனாத்தான் இதயம் அடுத்த துடிப்புக்குத் தயாராகும். அந்தக் கதவுங்கறது நீளமான ஒரு புரதச் சங்கிலி. எண்ணெய்ச் சுவர்ல உள்ள புகுந்து, வெளிய வந்து, மறுபடி உள்ள புகுந்து, ஆறு தடவை ஊடுருவி மடங்கி நிக்கும்."

"தையல் போட்ட மாதிரிங்களா?" என்றாள் கலாமணி.

"அதேதான். பாப்பாவுக்கு அந்தச் சங்கிலியில ஒரு கண்ணி மாறியிருக்கு. சில பேருக்கு மாறினா தையல் தலைகீழா விழுந்துடும். உள்ள இருக்கறது வெளிய வந்துடும், கதவு திறக்காது. பாப்பாவோடது சரியாத்தான் உக்காருதுன்னு அஞ்சும் எழுத்து வரிசையைப் படிச்சுட்டுச் சொல்லுது."

நிவிதா அப்பாவின் முகத்துக்கு நேரே திரும்பி, நான் சொன்னதைச் சுருக்கமாக வாயைத் திறந்து திறந்து சொன்னாள். அதிகப்பிரசங்கிக் குழந்தை என்று பட்டது. அப்புறம் என் பக்கம் திரும்பினாள்.

"அந்தக் கதவ யாராச்சும் பாத்திருக்காங்களா மேடம்?"

"பாக்க வேண்டியதில்லம்மா. கணக்கே போதும்."

இந்த வாக்கியத்தை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேனோ. அன்றைக்குத்தான் அது எனக்கே காதில் விழுந்தது.

நான் படித்த காலத்தில் பார்க்கத்தான் செய்தோம். புரதத்தை உறைய வைத்து எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் படமெடுப்போம். எண்ணெய்ச் சுவரில் வாழும் புரதங்கள்தான் மகா அடம். சுவரைவிட்டுப் பிரித்தால் சுருண்டு உருக்குலைந்து போகும். ஒரே ஒரு புரதத்தோடு போராடி நரைத்துப்போன வாத்தியார்கள் உண்டு. அப்புறம் எழுத்து வரிசையைப் படித்து உருவத்தைச் சொல்லும் ப்ரோகிராம்கள் வந்தன. நேர்மையாகச் சொல்ல வேண்டும், பெரும்பாலும் சரியாகவே சொல்லின. கை தட்டியவர்களில் நானும் உண்டு. சரியாகச் சொல்கிற சாமியாரை யாராவது சோதித்துப் பார்ப்பார்களா? மைக்ராஸ்கோப்புகளை ஒவ்வொன்றாக மூடினார்கள். பிறகு சட்டம் வந்தது. பஞ்சாயத்து 'தீங்கு' என்று சொன்னால்தான் மரபு நோய்க்கு வைத்தியம். மாத்திரை எழுதுவதற்குக்கூட அது வேண்டும்.

"அப்ப எம்பையன் எதுலீங்க போனான்?" என்றார் நாச்சிமுத்து.

அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். "கவினுங்க பேரு. பப்ளிக் பரீட்ச. காத்தால எழுப்பி உடுங்கப்பான்னு சொல்லிட்டுப் படுத்தானுங்க. நான் நைட்டு ஷிப்டு, தறிக் குடோன்ல இருந்தேன். அங்கிருந்தே போனப் போட்டு, ரிங்கு மட்டும் உட்டுட்டு வெச்சுட்டனுங்க. தலமாட்டுலதான் போனு இருந்துச்சு. மணியடிச்சதுல எந்திரிச்சு உக்காந்தானாம். அப்பிடியே சாஞ்சுட்டான். கூடப் படுத்திருந்தது இவ. பாத்துட்டே இருந்திருக்கறா."

நிவிதா காதுமூடியை இறுக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

அதற்கப்புறம் ஒருநாள் பள்ளிக்கூட மணியடித்தபோது இவளும் மயங்கி விழுந்திருக்கிறாள். எழுந்துவிட்டாள். ஈசிஜி நன்றாகவே இருந்தது. திடீர்ச் சத்தத்தில் இதயம் தடுமாறுகிறவர்களுக்கு, தடுமாறாத நேரத்தில் எடுத்தால் ஈசிஜி நன்றாக இருக்கலாம். தோள்பட்டைக்குக் கீழே தோலுக்குள் ஒரு சின்னக் கருவி வைத்தால் போதும், இதயம் தடுமாறியதும் ஓர் அடி கொடுத்து நிமிர்த்திவிடும். அதைக் கேட்டுத்தான் வந்திருந்தார்கள். தீங்கில்லை என்ற தீர்ப்புக்குக் கருவி கிடையாது.

"இது நல்ல சேதிங்களா?" என்று கேட்டுவிட்டு எழுந்தார் நாச்சிமுத்து. டிஷ்யூ பெட்டி வைத்த இடத்திலேயே இருந்தது.

மத்தியானம் குணசீலன் சாரிடம் போனேன். மையத்தின் தலைவர். பொல்லாதவர் இல்லை. பொல்லாதவராக இருந்திருந்தால் திட்டிவிட்டு ராஜினாமா கடிதத்தை நீட்ட எனக்கும் வசதியாக இருந்திருக்கும்.

"அண்ணன் செத்திருக்கான் சார்" என்றேன்.

"வலிப்பு. பாத்தேன் லீமா."

"வலிப்புன்னு எப்படி முடிவு பண்ணினாங்க?"

"செத்தப்புறம் அவனுக்கும் மரபணு பாத்தாங்க. இதே மாறுதல்தான். இதயத்துக்குத் தீங்கில்லைன்னு பஞ்சாயத்து சொல்லிடுச்சு. இதயம் இல்லைன்னா வேற என்ன? வலிப்புதான்."

"சரி, பாப்பாவோட மாறுதல் தீங்கில்லைன்னு இப்ப எதை வெச்சுச் சொல்லுது?"

அவர் ஸ்க்ரீனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார். "வடிவக் கணக்கு. கூடவே, இதே மாறுதல் இருந்த ஒரு பையனுக்கு இதய நோய் இல்லைங்கற ஆதாரம்."

"அந்தப் பையன் கவின்."

"ம்."

தங்கைக்கு ஒன்றுமில்லை என்று சாட்சி சொல்ல, செத்துப்போன அண்ணனைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

"அஞ்சு பேரு சொல்லுதுன்னு நாம பெருமையா சொல்றோம். அஞ்சும் ஒரே டியூஷன்ல படிச்சது சார். பழைய மைக்ராஸ்கோப்புக்காரங்க பாத்துவெச்ச கொஞ்சம் உருவங்கள். அதுக்கப்புறம் ஒண்ணு சொன்னதையே இன்னொண்ணு பாடமாப் படிச்சது. வாத்தியார் தப்பாச் சொல்லிக் குடுத்திருந்தா அஞ்சும் ஒரே தப்பைத்தான் எழுதும். அதுக்குப் பேரு அஞ்சு சாட்சியா?"

"கம்பெனி அஞ்சு, லீமா."

"கம்பெனி அஞ்சு. பாடம் ஒண்ணு."

குணசீலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கம்பெனியை விடு. உனக்கு மனுஷ சாட்சி வேணுமா? அந்த அப்பாவுக்கும் இதே மாறுதல். அவர்கிட்டேர்ந்துதான் ரெண்டு பிள்ளைக்கும் வந்திருக்கு. வயசு நாப்பத்தேழு. வாழ்நாள் பூரா தறிச் சத்தத்துல நிக்கற மனுஷன். ஒரு தடவ மயக்கம் போட்டதுகூட இல்ல. 'ஆரோக்கியமான தந்தை'ன்னு பஞ்சாயத்தும் கணக்குல சேத்துக்கிச்சு. சத்தம்தான் ஆளைக் கொல்லும்னா அவரு எப்பவோ போயிருக்கணுமே?"

ஃபைலை மூடி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சோமனூருக்குப் போனேன். ஏன் போனேன் என்றால், போகாமல் இருக்க முடியவில்லை. மணிச் சத்தமே ஆபத்து என்பதால் போன் செய்யாமல் மெசேஜ் அனுப்பினேன். 'வாங்க. வண்டில வந்தா ஹாரன் அடிக்காதீங்க' என்று பதில் வந்தது.

தெரு முழுக்கத் தறி ஓடிக்கொண்டிருந்தது. விடாமல் ஒரே சீராக ஓடும் சத்தம் நிவிதாவுக்குப் பழகிவிட்டது. எதிரி திடீர்ச் சத்தம்தான். அந்த வீட்டைப் போல ஒரு வீட்டை நான் பார்த்ததில்லை. காலிங்பெல் வயரை வெட்டியிருந்தார்கள். குக்கர் கிடையாது, விசில் வருமே. சோறு திறந்த பானையில் கொதித்தது. டம்ளரும் தட்டும் பிளாஸ்டிக். பாத்திர அலமாரியில் பழைய புடவையை மடித்து விரித்திருந்தார்கள். போன்கள் எல்லாம் சைலன்ட். தீபாவளிக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"ஈரோட்டுப் பக்கம் பறவைங்க வருதுன்னு பட்டாசே வெடிக்காத ஊருங்க இருக்குதுங்களே. அங்க எங்க சித்தி வீட்டுக்குப் போயிருவோமுங்க" என்றாள் கலாமணி. "கொக்கு, நாரைக்காக ஊரே சத்தமில்லாம இருக்குது. நமக்குன்னு கேட்டா யாரு இருப்பாங்க?"

பேசிக்கொண்டிருந்தபோது வீட்டுக்குப் பின்னால் ரோட்டில் ஒரு லாரிக்காரன் ஏர்ஹாரனை அழுத்தினான். நிவிதா காதுமூடிக்குள்ளேயே துள்ளி நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். கலாமணி பாய்ந்து அவளைக் கட்டிக்கொண்டாள். என் கையிலிருந்த காபி புடவையில் சிந்தியது. நாச்சிமுத்து மட்டும் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நூல் விலை ஏறியதைப் பற்றிச் சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

நிவிதா மூச்சு வாங்கிக்கொண்டு நிமிர்ந்தாள். அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லை.

"நாச்சிமுத்து" என்று அவர் முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டேன். இன்னொரு தடவை உரக்கக் கூப்பிட்டேன். அவர் திரும்பவில்லை.

"அவருக்குக் காது போயி வருசக் கணக்காச்சுங்க" என்றாள் கலாமணி. "ஒதட்டப் பாத்துத்தான் பேச்சுத் தெரிஞ்சுக்கறாரு. தறி ஓட்டறவங்க முக்காவாசிப் பேரு அப்பிடித்தானுங்க. அதையெல்லாம் யாருகிட்டப் போயிச் சொல்றது?"

அந்த மனிதர் உயிரோடிருப்பது அவர் இதயத்தால் இல்லை, காதால். தறி அவர் காதைத் தின்று உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. அதைத்தான் பஞ்சாயத்து 'ஆரோக்கியமான தந்தை' என்று எடுத்துக்கொண்டு பெண்ணை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. மையத்தில் அரை மணி நேரம் அவர் எதிரே உட்கார்ந்து பேசிய எனக்கே தெரியவில்லை. எழுத்து வரிசைக்கு எப்படித் தெரியும்?

கிளம்பும்போது நிவிதா வாசல்வரை வந்தாள். அப்பாவின் போனில் அவருக்காகப் பேசிப் பதிவு செய்து வைத்திருக்கிறாளாம்.

"அவருக்குத்தான் கேக்காதேம்மா" என்றேன்.

"தெரியும் மேடம். இருந்தாலும் இருக்கட்டும்னு. நான் பக்கத்துல இல்லாதப்ப, எங்கொரல் ஓடறத ஸ்க்ரீன்ல பாத்துக்குவாரு."

மறுநாளே மறுவிசாரணைக்கு மனு எழுதினேன். கண்ணால் பார்த்த ஆதாரம் ஒன்று சேர்க்க முடியுமா என்று நான் படித்த கல்லூரிக்குப் போன் செய்தேன். எங்கள் மைக்ராஸ்கோப் பத்திரமாக இருக்கிறது என்றார்கள். எனக்கு ஒரு நிமிஷம் உயிர் வந்தது. வரவேற்பறையில் கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கிறதாம். ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிறார்களாம். ஓட்டத் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டதற்கு, அந்தப் பெண் சிரித்துவிட்டு, "நீங்கதான் மேடம் கடைசி பேட்ச்" என்றாள்.

மனுவில் இரண்டே விஷயம் எழுதினேன். அண்ணனின் சாவை ஆதாரத்திலிருந்து எடுங்கள். அப்பா காது கேளாதவர், அவரைச் சாட்சியாக வைக்காதீர்கள்.

பதில் சீக்கிரமே வந்தது. குணசீலன் என்னை உட்காரச் சொன்னார். அதிலேயே தெரிந்துவிட்டது.

"மறுவிசாரணைன்னா கூட ஒரு ப்ரோகிராமைச் சேத்துக் கேக்கணும். அதான் விதி. புதுசு, இந்த வருஷம் வந்தது. ஆறாவதா அதையும் கேட்டாங்க."

"அதுக்கு யாரு பாடம் சொல்லிக் குடுத்தது?"

"பழைய அஞ்சும்தான்" என்றார். "ஆறுக்குப் பூஜ்யம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகை வர வேண்டிய இடத்தில் சிரிப்பு வருவது என் பிறவி வியாதி.

"அவருக்குக் காது கேக்காதுன்னு எழுதியிருந்தேனே சார்?"

"அது வடிவக் கணக்குல வராது. உரிய பிரிவுக்கு அனுப்பியாச்சுன்னு போட்டிருக்கு."

எந்தப் பிரிவு என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

செய்தியை மெசேஜில்தான் அனுப்பினேன். 'சரிங்க மேடம். நாங்க பாத்துக்கறோம்' என்று பதில் போட்டார் நாச்சிமுத்து. இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டவர்கள் இனியும் பார்த்துக்கொள்வார்கள் என்று நானும் என்னைத் தேற்றிக்கொண்டேன்.

மழைக்காலம் வருவதற்கு முன் ஒருநாள் காலை. ஆபீஸில் எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். திடீரென்று என் போன் அலறியது. என் போன் மட்டுமில்லை. மேஜைமேல் இருந்தது, பைக்குள் இருந்தது, சார்ஜில் கிடந்தது, வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களுடையது, எல்லாம் ஒரே நேரத்தில் சைரன் போல ஊளையிட்டன. ஒரு கணம் எல்லோரும் உறைந்து நின்றோம். பிறகு யாரோ சிரித்தார்கள். குணசீலன் சட்டையில் டீயைத் துடைத்துக்கொண்டே, "வெள்ள எச்சரிக்கை ஒத்திகையாம், பேப்பர்ல போட்டிருந்தான்" என்றார்.

என் போனிலும் அதுதான் எழுதியிருந்தது. 'இது ஒத்திகை. யாரும் பயப்பட வேண்டாம்.' அதன் மூலையில் சைலன்ட் குறி அப்படியே இருந்தது. காலையில் மீட்டிங்குக்காக நான்தான் சைலன்ட்டில் போட்டிருந்தேன்.

சோமனூர் நம்பரைக் கூப்பிட்டேன். யாரும் எடுக்கவில்லை. மணியடிக்காத வீட்டில் எப்படி எடுப்பார்கள்? மறுபடி கூப்பிட்டேன். மறுபடியும் கூப்பிட்டேன். அப்புறம்தான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று உறைத்து, போனைக் கீழே வைத்தேன்.

சாயங்காலம் அவரே கூப்பிட்டார். அவர் யாரையும் கூப்பிட்டுப் பேசுகிறவரில்லை.

"மேடம், நாச்சிமுத்து பேசறனுங்க. நீங்க பேசறது எனக்குக் கேக்காதுங்க. நான் சொல்றத மட்டும் கேட்டுக்குங்க." அந்தப் பெரிய குரலில் கரகரப்புகூட இல்லை. "எல்லாப் போனையும் சைலன்ட்டுலதானுங்க வெச்சிருந்தோம். அது சைலன்ட்டையும் மீறிக் கத்துச்சாமா. எனக்குத் தெரியலீங்க. நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். இட்லி சாப்புடறதுக்குக் காதுமூடியக் கழட்டி வெச்சிருந்தாளுங்க. எம்மேல சாஞ்சா. பரீட்சைக்குக் கண்ணு முழிச்சாளே, தூக்கம் வருதாட்டன்னு நானும் அசையாம உக்காந்திருந்தேனுங்க. கலாமணி வந்து அடிச்சுக்கிட்டப்பத்தான் பாத்தேன். அவ்வளவுதானுங்க. சொல்லோணும்னு தோணுச்சு. வெச்சர்றனுங்க."

நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தாலும் அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்காது என்று சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம்.

சாவுக்குக் காரணம் என்னவென்று பதிவாகியிருக்கிறது என்று பிறகு குணசீலனிடம் கேட்டேன்.

"வலிப்பு" என்றார் தலை நிமிராமல். "குடும்பத்துல ஏற்கெனவே இருக்கே."

"அண்ணனுக்கு."

"ம்."

"அப்ப இனிமே பஞ்சாயத்துக்கு மூணு சாட்சி. அண்ணன், தங்கச்சி, அப்பா. மூணு பேருக்கும் மாறுதல் இருந்துச்சு, மூணு பேருக்கும் இதயத்துல ஒண்ணுமில்ல. அடுத்த குழந்தை வந்தா இன்னும் தைரியமாச் சொல்லும்."

அதற்குமேல் நான் வாய்க்கு வந்தபடி பேசினேன். இங்கே எழுத முடியாது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருந்தார்.

"எனக்குத் தெரியாதுன்னு நினைக்கிறியா லீமா?" என்றார் கடைசியில். "நான் எழுந்து போனா இந்த நாற்காலியில ஏழாவது ப்ரோகிராமை உக்கார வெப்பாங்க. அதுகிட்ட நீ இப்படித் திட்டக்கூட முடியாது."

காரியமெல்லாம் முடிந்து, மழையும் ஆரம்பித்த பிறகு, நாச்சிமுத்து மையத்துக்கு வந்தார். தனியாகத்தான் வந்தார். கலாமணி தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாளாம். ஒரு சின்ன வெள்ளைப் பெட்டியை என் மேஜைமேல் வைத்தார். மூடியில் அரசாங்க முத்திரை இருந்தது.

"காது மிஷினுங்க!" என்றார் பழைய சத்தத்தில். "நீங்க எழுதிப் போட்ட மனுவுல எனக்குக் காது கேக்காதுன்னு சொல்லியிருந்தீங்களாமா. அதப் பாத்துட்டு அனுப்பி வெச்சிருக்காங்க. ஊட்டுக்கே வந்து குடுத்துட்டுப் போனாங்க. நன்றி சொல்லிட்டுப் போலாம்னுதானுங்க வந்தேன்."

உரிய பிரிவு எது என்று இப்போது தெரிந்துவிட்டது. நான் எழுதிய இரண்டு விஷயங்களில் ஒன்றை யாரோ மனுஷர் படித்து, மனமிரங்கி, ஒழுங்காக வேலை செய்திருக்கிறார்.

"போடாதீங்க" என்றேன். அவர் என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை, அழுத்தித் திருத்திச் சொன்னேன். "தயவுசெஞ்சு போடாதீங்க. உங்களுக்கும் அதே மாறுதல் இருக்கு. காது கேக்காததாலதான் நீங்க இருக்கீங்க."

"ஒண்ணும் ஆகாதுன்னுதானுங்களே தீர்ப்பு" என்றார். "ஆறுக்குப் பூஜ்யம்."

குத்திக் காட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. சும்மா சொன்னார்.

பெட்டியைத் திறந்து மிஷினை எடுத்து, ஏற்கெனவே பழகிப் பார்த்தவர் போல நிதானமாகக் காதில் பொருத்தினார். முகம் கொஞ்சம் சுளித்தது. மின்விசிறியை நிமிர்ந்து பார்த்தார். கதவைப் பார்த்தார். நான் நாற்காலி சத்தம் போட்டுவிடக் கூடாதே என்று அசையாமல் உட்கார்ந்திருந்தேன். பிறகு போனை எடுத்து, காதுக்குப் பக்கத்தில் வைத்து, ஸ்க்ரீனைத் தொட்டார்.

நிவிதாவின் குரல் சன்னமாக வந்தது. "அப்பா, இன்னிக்கு லீமா மேடம் வந்துட்டுப் போனாங்க. அவங்க சேலையில காபி கொட்டிப்போச்சு. அம்மா சோப்புக் குடுத்தாங்க. அப்பறம், நீங்க ரொம்பச் சத்தமாப் பேசறீங்கப்பா. எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க. கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. சாப்ட்டுட்டுக் குடோனுக்குப் போங்க."

அவர் கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை ஓட்டினார். நான் டிஷ்யூ பெட்டியைத் தள்ளவில்லை. எனக்கே அது தேவைப்பட்டது.

பிறகு போனின் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்த ஆரம்பித்தார். ஸ்க்ரீனில் சைலன்ட் குறி போய், ஒலி அளவு ஒவ்வொரு கோடாக ஏறி, உச்சிக்குப் போய் நின்றது.

"என்ன பண்றீங்க?" என்றேன்.

"இனிச் சைலன்ட்டுல வெச்சு யாருக்கு ஆகப்போவுதுங்க" என்றார். மிக மெதுவாகச் சொன்னார். மகள் சொன்னது காதில் விழுந்துவிட்டது. போனைச் சட்டைப் பையில், இடது பக்கம் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"வர்றனுங்க மேடம். எப்பவாச்சும் கூப்புடுங்க."

அவர் நம்பர் என்னிடம் இருக்கிறது. நான் இதுவரை கூப்பிடவில்லை. மெசேஜும் அனுப்பவில்லை. அதற்கும் மணியடிக்கும்.